மூன்றாவது ஓலை

இருபது நாளாகப் பாண்டியம்மாளின் புருஷன் பேரை அவளுடைய அண்ணன் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிந்தான். புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் கட்சி நிறுத்தியிருக்கிற வேட்பாளர் பேரும் முத்துசெல்வம், இவள் புருஷன் பேரும் முத்துசெல்வம். ஓட்டுக் கேட்டுப் போகிறவன் வேட்பாளர் பேரைச் சொல்லாமல் வேறு யார் பேரைச் சொல்லுவான்?

"உங்கள் வீட்டுப் பிள்ளை, உழைப்பின் செல்வன், அண்ணன் முத்துசெல்வம்" என்று பிரச்சார ஆட்டோ ஊருக்குள் நுழைகிறபோதெல்லாம் பாண்டியம்மாள் கையில் இருக்கிற வேலை ஒரு நிமிஷம் நின்றுபோகும். புருஷன் பேரை வாயால் சொல்லி அறியாதவள் அவள். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூடக் கார்டை நீட்டுவாளே தவிரச் சொல்ல மாட்டாள். அந்தப் பேர் இப்போது ஞானபுரத்துச் சுவர்களில் எல்லாம் ஆள் உயரத்துக்கு எழுதிக் கிடந்தது. அவளுடைய ஆட்டுக்கொட்டகைச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டுப் போனது அண்ணன்தான். அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை என்று, போகும்போதும் வரும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் பேர் சிவனாண்டி. மைக் சிவனாண்டி என்றால் எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் நாற்பது ஊருக்குத் தெரியும். டிராக்டர் வைத்து உழுகிற ஆள்தான். ஆனால் கோயில் கொடை, காதுகுத்து, தேர்தல் என்று எது வந்தாலும் மைக் அவன் கைக்கு வந்துவிடும். அப்படி ஒரு குரல் வளம். அந்த அண்ணன் தங்கச்சியோடு நேரில் பேசி நாலு மாசம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கிறதுதான் அவளுக்கு மிச்சம்.

ஞானபுரத்தில் பாதிப் பேர் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்து. சாதிசனம் ஒன்றுதான், கொடுக்கல் வாங்கல் எல்லாம் உண்டு. கிழக்குத் தெருக்காரன் கோயிலுக்குப் போகிறேன் என்றால் மணிக்கூண்டு வைத்த கோயில், மேலத் தெருக்காரன் போகிறேன் என்றால் மாரியம்மன் கோயில். பாண்டியம்மாள் இந்து வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து கிரேஸ் ஆனவள். அந்தப் பேர் கோயில் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டது கிடையாது.

புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது அவளிடம் இருந்தது மூன்று ஏக்கர் கரிசலும் பதிமூன்று வயசுப் பிள்ளையும். அன்றையில் இருந்து எட்டு வருஷம் அந்தக் காட்டை உழுது கொடுத்தவன் சிவனாண்டி. உளுந்து விதைக்கணுமா, அண்ணன். கழிச்சல் கண்ட ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா, அண்ணன். பிள்ளை பியூலாவின் சடங்கன்றைக்குத் தாய்மாமன் மாலை கொண்டுவந்து போட்டவனும் அவன்தான். கை பருமன் சம்பங்கி மாலை. பிள்ளைக்கு அந்த வாசம் ஆகவில்லை. மணையில் உட்கார்ந்து தும்மு தும்மு என்று தும்மித் தீர்த்துவிட்டது. சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாண்டியம்மாள் வெற்றிலைத் தட்டை அண்ணன் கையில் கொடுத்து, "இவ ஒன் வீட்டுக்குத்தாண்ணே" என்றாள். அண்ணன் மகன் மணிராஜுக்கு என்று அர்த்தம். அவனும் தன் தட்டை மாற்றிக் கொடுத்தான்.

பிள்ளை வளர்ந்து கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போனாள். "மணி எனக்குக் கூடப்பெறந்தவன் மாதிரிம்மா, என்னால முடியாது" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கழுகுமலையில் இருந்து ஞானமணி வாத்தியார் தன் மகன் ஆல்வினுக்குப் பெண் கேட்டு வந்தார். நல்ல இடம். பையன் மின்சார வேலை செய்கிறவன், பிள்ளைக்கும் பிடித்துப்போனது. வாத்தியார் காப்பியைக் குடித்துவிட்டு, "தாய்மாமன் வீட்ல முறைப்பையன் இருக்கான்னு சொல்லுதாங்க. பேச்சு ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார். பாண்டியம்மாள், "அப்படி ஒரு பேச்சே கெடையாது சார்" என்றாள்.

அந்தச் சொல் பொழுது சாயுமுன்னே சிவனாண்டி காதுக்குப் போய்விட்டது. அன்றையில் இருந்து அவன் இந்தப் படி மிதிக்கவில்லை.

கல்யாணம் ஈஸ்டர் கழிந்து பத்தாம் நாள் புதன்கிழமை என்று முடிவானது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இப்போது ஓலையும் கிடையாது, எழுத்தாணியும் கிடையாது, நீளமான பதிவுப் புத்தகம்தான். பேர் மட்டும் மாறவில்லை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் எழுந்து நின்று சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். ஐயர் என்றால் குருவானவர், இந்தப் பக்கத்து வேதக்காரர்கள் வாயில் அப்படித்தான். ஒரு ஆள் எழுந்து நின்றுவிட்டால் போதும், ஐயர் புத்தகத்தை மூடிவிட்டு விசாரணைக்கு எழுதிப் போட வேண்டும். அது முடிகிற வரைக்கும் தாலி கட்ட முடியாது. அதனால் ஓலை வாசிக்கிற நேரத்தில் கோயிலில் ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை. கைப்பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்று நெளிந்தால்கூட மடியோடு அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் ஓலை, ஈஸ்டருக்கு இரண்டாவது ஓலை, இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பாண்டியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். குச்சியை அள்ளிப் பெட்டியில் செருகுகிற கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், வாய்க்குத்தான் அங்கே ஓய்வு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உமாதேவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"யக்கா, நாளைக்கு ஒங்க கோயிலுக்கு வேட்பாளர் வாராவளாம்ல?"

"யாரு சொன்னா?"

"ஒங்க அண்ணந்தான். நேத்து எங்க தெருவுல நின்னு சொல்லிட்டிருந்தாவ. நாளைக்கு ஞானபுரம் கோயில்ல எனக்கு ஒரு சோலி கெடக்கு, வேட்பாளரையும் அங்கனயே கூட்டிட்டுப் போறேன்னு."

பாண்டியம்மாள் கை நின்றது. குச்சி பொலபொலவென்று மடியில் கொட்டியது.

"என்ன சோலியாம்?"

"அதச் சொல்லலக்கா. ஒனக்கு என்ன இப்படி வேர்க்குது? புதங்கிழமைக்கு எல்லாம் ஆயிட்டுல்லா? தாய்மாமன் மாலைக்கு என்ன ஏற்பாடு?"

"கோவில்பட்டியில நானே சொல்லிக்கிடுதேன்."

"தாய்மாமன் இருக்கையில நீ சொல்லவாக்கா?" என்றாள் உமாதேவி. பாண்டியம்மாள் மடியில் கிடந்த குச்சியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அரை நாள் வேலையோடு வீட்டுக்கு வந்தாள். வெயில் என்றால் வெயில், கரிசல் பாளம் பாளமாக வாய் பிளந்து கிடந்தது. முற்றத்து வேப்பமரத்தடியில் பருத்திமார் விறகை மூட்டி எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்து சுடுகிற வேலை. பக்கத்து வீட்டு முத்துத்தாய் சட்டிமுன் உட்கார்ந்து, பாசிப்பயறும் கருப்பட்டியும் பிசைந்த உருண்டைகளை மாவில் முக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசம் தெருவைத் தாண்டி அடித்தது. அப்போது பார்த்துப் பிரச்சார ஆட்டோ வந்து வாசலில் நின்றது. முத்துசெல்வம் என்று சொல்லிக்கொண்டே வந்த ஸ்பீக்கர், பாதிப் பேரில் வாயை மூடியது.

சிவனாண்டி இறங்கினான். முற்றத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெயிலிலேயே நின்றான். இருபது நாள் கத்தலில் தொண்டை கம்மிப்போய் இருந்தது.

"ஏட்டி, நாளைக்கு வேட்பாளரக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாரேன்."

"மோரு குடிண்ணே."

"மோருக்கு வரல."

"நாளைக்கு மூணாவது ஓலண்ணே."

"தெரியும். தெரிஞ்சுதான் வாரேன்."

முத்துத்தாய் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்து, ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறவள் மாதிரி கொட்டகைப் பக்கம் போனாள். காது மட்டும் இங்கேதான் இருந்தது.

"எந்திரிச்சு நின்னுராதண்ணே. ஒன்னக் கும்பிடுதேன்" என்றாள் பாண்டியம்மாள்.

"நின்னா என்ன? தடை உண்டான்னு கேக்கத்தான செய்யுதாவ? எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லப்போறேன். வெத்தில மாத்தினது பொய்யா?"

"மணிக்கே இஷ்டம் இல்லையேண்ணே. அவனே போன்ல பியூலாட்டச் சொல்லியிருக்கான்."

"மணிய விடு. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கான். நான் கேட்டா 'எனக்கு என்னப்பா'ங்கான். நான் அவனுக்காகவா இங்கன வந்து வெயில்ல நிக்கேன்?" அவன் குரல் உடைந்தது. "புள்ளைய ஒன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒரு நாள் கோவப்பட்டிருப்பேன், ரெண்டு நாள் கோவப்பட்டிருப்பேன். வாக்கு குடுத்தேன், மாத்திட்டேன்னு சொல்ல ஒனக்கு வாய் வரலையே. அப்படி ஒரு பேச்சே கெடையாதுன்னுல்லா சொல்லியிருக்க? அப்ப எட்டு வருசமா நான் யாருட்டி? ஒங்க காட்டுல கூலிக்கு உழுதவனா? ஊருக்குள்ள என்ன சொல்லுதாவ தெரியுமா? சிவனாண்டி பொண்ணு கெடைக்காம இல்லாத பேச்ச உண்டாக்குதான்னு சொல்லுதாவ."

"வாத்தியார் வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் போயிருமேண்ணே."

"அப்ப நான் பொய்யனா இருந்துட்டுப் போகவா?"

சட்டியில் உருண்டைகள் கருகுகிற வாடை வந்தது. சிவனாண்டி அதைப் பார்த்தான், "கருகுது, எடு" என்றான், ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். தெருமுக்கு திரும்பியதும் அவள் புருஷன் பேர் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

சாயங்காலம் அவள் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். உபதேசியார் காமராஜ் மற்ற நாள்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், ஐயர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். ஓலையை ஆராதனை தொடங்கினவுடனே வாசித்துவிட முடியுமா என்று கேட்டாள்.

"அது எப்படித் தாயி, ஒழுங்க மாத்த முடியுமா? விசுவாசப் பிரமாணம் சொல்லி உக்காந்தப்பறந்தான் அறிவிப்பு. அதுல மொதல்ல ஓல. அப்பறம் நாளைக்கு அந்த வேட்பாளர் பேரு. ஐயர் கண்டிசனாச் சொல்லிட்டாவ. உள்ள கட்சித் துண்டு கூடாது, பேசக் கூடாது, ஓட்டுக் கேக்கக் கூடாது. நான் பேர் சொல்லும்போது எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டுட்டு உக்காந்துரணும்னு. அதையும் ஒங்க அண்ணன்ட்டத்தான் சொல்லி அனுப்பியிருக்கு."

"ஓல வாசிக்கையில யாராச்சும் எந்திரிச்சிட்டா?"

உபதேசியார் சிரித்தார். "நாப்பது வருசமா இந்தக் கோயில்ல இருக்கேன். ஒருத்தன் எந்திரிச்சதில்ல. போயி நிம்மதியா இரு."

நிம்மதி எங்கிருந்து வரும்? ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கிறபோது அவள் வயிற்றில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பியூலா இட்லியைப் பிட்டு வாயில் கொண்டுவந்து வைத்தாள். பாண்டியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"மாமா அப்படிச் செய்ய மாட்டாவம்மா" என்றாள் பியூலா.

"நாமதான அப்படிச் செஞ்சோம்" என்றாள் பாண்டியம்மாள்.

கோயில் நிரம்பிவிட்டது. வேட்பாளர் வருகிறார் என்றதும் ஈஸ்டருக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், பாயில் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்ட பெண்களுக்கு வேர்வை கழுத்து வழியாக வழிந்தது. மூன்றாவது ஓலை வாசித்த சீட்டைக் கையோடு வாங்கிப்போக ஞானமணி வாத்தியாரும் அவர் சம்சாரமும் கழுகுமலையில் இருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அந்தம்மா பாண்டியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் முகமெல்லாம் வாடிக்கெடக்கு?" என்று கேட்டது. கல்யாண வேலை என்றாள்.

பிரசங்கம் முடிந்தது. வெளியே வண்டிகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. விசுவாசப் பிரமாணத்துக்குச் சபை எழுந்து நின்ற நேரத்தில், வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நடுவில் வேட்பாளர். நல்ல தாட்டியமான ஆள், சிரித்த முகம். உள்ளே வந்ததும் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டார். அவரை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சிவனாண்டி அவருக்குப் பின்னால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

பாண்டியம்மாள் தூணுக்குப் பக்கவாட்டில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி எல்லோரும் சம்மணம் போட்டிருந்தார்கள். அவன் போடவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு உள்ளங்கையைத் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப்போகிறவன்தான் அப்படி உட்காருவான்.

ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நீளப் புத்தகத்தைத் திறந்தார். புத்தகத்துக்குள் குனிந்தால் வாசித்து முடிக்காமல் நிமிர மாட்டார், அது அவர் வழக்கம்.

"மூன்றாம் ஓலை. கழுகுமலை சபையைச் சேர்ந்த திரு. ஞானமணி அவர்களின் குமாரன் ஆல்வினுக்கும், இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற திரு. முத்துசெல்வம்..."

வேட்பாளர் எழுந்துவிட்டார்.

காலஞ்சென்ற என்கிற வார்த்தை அவர் காதில் ஏறவே இல்லை. இருபது நாளாக ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்ற காது, தன் பேரை மட்டும் பிடித்துக்கொண்டது. பேர் சொல்லும்போது எழுந்து கும்பிட வேண்டும் என்று சிவனாண்டி சொல்லிக் கூட்டி வந்திருந்தான். சொன்னபடி எழுந்தார், இரண்டு கையையும் குவித்தார், சபையைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தபடி நின்றார்.

"...திருமதி கிரேஸ் பாண்டியம்மாள் இவர்களின் குமாரத்தி பியூலாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே எழுந்து நின்று தெரிவிக்கலாம்" என்று முடித்துவிட்டு ஐயர் நிமிர்ந்தார்.

கோயிலில் ஒரு விசிறி ஆடவில்லை. நாற்பது வருஷத்தில் எழுந்திராத சபையில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறது. அதுவும் தொகுதிக்கு நிற்கிற ஆள்.

ஐயருக்கே குரல் தடுமாறியது. "ஐயா... நீங்க சொல்ல விரும்புறீங்களா?"

பேசக் கூடாது என்றவர் பேசச் சொல்லிக் கேட்கிறாரே என்று வேட்பாளர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்கய்யா. ரெண்டே நிமிசம். சொல்லிட்டு உக்காந்துருதேன்."

பெண்கள் பக்கம் ஐயோ என்று ஒரு குரல் கேட்டது. ஆண்கள் பக்கத்து முதல் பாயில் இருந்து ஞானமணி வாத்தியார் எழுந்தார். "என்ன தடை? இவங்க யாரு? எங்க வீட்டுக் கல்யாணத்துல இவங்களுக்கு என்ன?" என்று கேட்டார். வேட்பாளர் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கேயோ பிசகிவிட்டது என்று தெரிந்து, சிவனாண்டியைத் தேடித் திரும்பினார். சிவனாண்டி எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஊன்றின கையோடு பாதியில் நின்றுபோயிருந்தான்.

பாண்டியம்மாள் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் தானாக எழுந்திருக்க மனசில்லாமல், இவ்வளவு பெரிய ஆளை எழுப்பிவிட்டிருக்கிறான். இந்தச் சிரித்த முகத்துக்காரர் இப்போது வாயைத் திறந்து, வெற்றிலை மாற்றினதை ஊர் முன்னால் சொல்லப்போகிறார். அவள் மகள் கல்யாணம், அவள் பொய், எல்லாம் ஒரு அந்நியன் வாயில். அந்த நினைப்பு தாங்க முடியாமல் அவள் எழுந்துவிட்டாள். பியூலா சேலையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை தலையில் இருந்து சரிந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

"அவிய ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஐயா. நானே சொல்லிருதேன்."

"சொல்லும்மா" என்றார் ஐயர்.

"எங்க அண்ணனுக்கு நான் வாக்கு குடுத்தேன். இவ சடங்கன்னைக்கு, வெத்தில மாத்தி, இவ ஒன் வீட்டுக்குத்தான்னு சொன்னேன். நாலு பேரு பாத்தாவ, இங்கனயே இருக்காவ. எங்க வீட்டு அவிய போனப்பறம் எட்டு வருசம் எங்க காட்ட உழுதது எங்க அண்ணன். இந்தப் புள்ளையப் படிக்கச் சேத்துவிட்டது எங்க அண்ணன். அப்பறம் புள்ள மாட்டேன்னுட்டா. நான் வாக்க மாத்திட்டேன். மாத்தினதாவது போவுது..." அவள் மூச்சு வாங்கினாள். வாத்தியார் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கேட்டியள்லா? அப்படி ஒரு பேச்சே கெடையாதுன்னு சொன்னேன்லா? பேச்சு உண்டு சார். நீங்க எந்திரிச்சுப் போயிருவியளோன்னு பயந்து பொய் சொன்னேன். பொய் சொன்னது நாந்தான். எங்க அண்ணன் பொய்யன் இல்ல."

சொல்லி முடித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். முற்றத்தில் அடுக்கி வைத்திருக்கிற முந்திரிக்கொத்துப் பானைகள் எதற்கோ அவள் கண்முன் வந்தன.

வாத்தியார் ஆண்கள் பக்கம் பார்த்து, "அந்த அண்ணன் யாரு?" என்று கேட்டார். யாரும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சிவனாண்டி மெதுவாக எழுந்து நின்றான்.

"நீங்கதான் தாய்மாமனா?" என்றார் ஐயர். "உங்க தங்கச்சி சொன்னதக் கேட்டீங்க. இந்த விவாகத்துக்கு உங்களுக்குத் தடை உண்டா?"

நாலு மாசமாக அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பது உட்பட எல்லாம் தயாராக இருந்தது. அதில் இருந்த அத்தனையையும் தங்கச்சி சொல்லிவிட்டாள். இனிமேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. நாற்பது ஊர் கேட்ட வாய் திறந்து திறந்து மூடியது. முகத்தைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினான். துண்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சட்டை நுனியைத் தூக்கித் துடைத்துக்கொண்டான். உதடு அசைந்தது.

"கேக்கல. சபைக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க" என்றார் ஐயர்.

மைக் சிவனாண்டியைப் பார்த்துக் கேட்கவில்லை என்று சொன்னவர் உலகத்திலேயே அந்த ஐயர் ஒருத்தராகத்தான் இருப்பார். அவன் தலையை நிமிர்த்தினான்.

"தடை ஒண்ணும் இல்ல!"

ஓட்டுக் கூரைக்கு அடியில் இருந்த புறாக்கள் படபடவென்று எழும்பிப் பறந்தன. சத்தம் அடங்குகிற வரைக்கும் ஐயர் காத்திருந்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். அவர் சம்சாரம்தான் பொறுக்க மாட்டாமல், "அவங்களே தடை இல்லன்னுட்டாங்க, நீங்க என்ன நின்னுக்கிட்டு" என்று பெண்கள் பக்கத்தில் இருந்து அதட்டியது. "ஓலைய முடிச்சிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் உட்கார்ந்தார். அந்தம்மா பாண்டியம்மாள் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்து, சரிந்து கிடந்த முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டது.

வேட்பாளர் இன்னும் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். சிவனாண்டி போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணாச்சி, உக்காருங்க. அது வேற முத்துசெல்வம்."

"வேற யாரு?"

"எங்க மாப்ள. எந் தங்கச்சி புருசன்."

சபையில் ஒரு கிழவர் முதலில் கனைத்தார். அப்புறம் சிரிப்பு பாய் பாயாகப் பரவியது. ஐயர்கூடப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அடுத்த அறிவிப்பில் வேட்பாளர் பேரை நிஜமாகவே வாசித்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டியும் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாத்தியார் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்மா" என்றார், அவ்வளவுதான். கோபம் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும், அது நியாயம்தானே.

பாண்டியம்மாள் அண்ணனைத் தேடினாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறு என்று நடந்து ஆட்டோவில் ஏறிவிட்டான். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் சுடுமண்ணில் நாலு எட்டு ஓடினாள். வண்டிகள் கிளம்பிவிட்டன. ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அங்கேயே நின்றாள். தடை இல்லை என்றுதான் சொன்னான். வாரேன் என்று சொல்லவில்லை.

பருத்திக்காட்டு ஓரமாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆட்டோ போனது. ஸ்பீக்கர் கரகரத்தது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை, உழைப்பின் செல்வன், அண்ணன்..." என்று தொடங்கிய குரல் அந்த இடத்தில் நின்றது. பேர் வரவில்லை. கோயில் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது, ஸ்பீக்கரில் அவன் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மைக்கில் பேசுகிற தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில், ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னான்.

"ஏட்டி பாண்டியம்மா, கோவில்பட்டியில மால சொல்லிராத. சங்கரன்கோவில்ல இருந்து நான் வாங்கியாரேன். சம்பங்கி வேண்டாம், புள்ள தும்மும்."

அவ்வளவு தூரத்தில் அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் பாண்டியம்மாள், "சரிண்ணே" என்றாள்.